பனிக்கால மொட்டும் அதற்குள் இருக்கும் நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கச்சி கனடாவில், நயாகராப் பக்கம் இருக்கிறாள். பின்வளவில் ஒரு பீச் மரம் வைத்திருக்கிறாள். தை மாதத்தில் அங்கே கடுங்குளிர் என்று செய்தி வந்தால் போதும், உடனே அழைப்பு வரும்: "அண்ணா, இந்த முறை மொட்டு தப்புமா?" நான் திருகோணமலையில் விவசாயப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உறைபனியைக் கண்ணால் கண்டது நுவரெலியாவில் ஒரே ஒரு காலைதான். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே படிக்கத் தொடங்கினேன். பிறகு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கேட்டார்கள், எங்கள் ஊர்ப்பக்கம் உப்புவெளியில் அப்பிள் நட்டவர் கேட்டார், இப்போது பேரப்பிள்ளையும் கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல இயலாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது. மொட்டு எங்கே இருக்கிறது?

மொட்டையாக நிற்கும் மரத்தில்தான் மொட்டு நிறைய இருக்கிறது. பீச், அப்பிள், செர்ரி, பிளம்ஸ் எல்லாம் அடுத்த ஆண்டுப் பூவை முந்திய கோடையிலேயே உருவாக்கிவிடும். ஆடி, ஆவணியில் கிளையில் பழம் தொங்கும்போதே இலைக்காம்பின் மூலையில் அடுத்த வருடப் பூவின் கரு தொடங்கிவிடும். இலை உதிர்ந்ததும் அது செதில்களால் மூடிக்கொண்டு நான்கைந்து மாதம் வெளியில் நிற்கும். பீச்சில் பூமொட்டு கொழுத்து, மெல்லிய மயிருடன் இருக்கும். இலைமொட்டு ஒல்லியாகக் கூராக இருக்கும். அப்பிளில் ஒரே மொட்டுக்குள் பூவும் இலையும் சேர்ந்திருக்கும்.

ஆக, குளிரில் பூமொட்டுச் செத்தால் மரம் சாகாது. அந்த வருடப் பழம்தான் போகும்.

பூச்சியத்தில் நீர் உறையும். மைனஸ் 20இல் மொட்டு எப்படி உயிரோடு இருக்கிறது?

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தக்காளியை இரவு பிரீசரில் வைத்துக் காலையில் எடுத்து மேசையில் வையுங்கள். பனி இளகியதும் தண்ணீர்ப் பையாகச் சரிந்துவிடும். அதன் உயிர்க்கலங்களுக்குள் ஐஸ் படிகம் வளர்ந்து, மென்சவ்வுகளைக் கிழித்துவிட்டது. கலத்துக்குள் ஐஸ் உண்டானால் அந்தக் கலம் செத்தது. அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

எனவே குளிரைத் தாங்கும் மரம் ஐஸை முழுவதும் தடுக்க முயல்வதில்லை. ஐஸ் எங்கே உண்டாக வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. அதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, ஐஸைக் கலத்துக்கு வெளியே வைப்பது. கலங்களுக்கு இடையில் உள்ள நீர் முதலில் உறையும். ஐஸ், பக்கத்தில் உள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். கலத்துக்குள் இருக்கும் நீர் மெல்ல வெளியே வந்து அந்த ஐஸோடு சேரும். கலம் சுருங்கும், உள்ளே இருப்பது பாகு போலத் தடிக்கும். வெயிலில் கருவாடு காய்வது போன்ற கதைதான்; இங்கே காய வைப்பது வெயில் அல்ல, ஐஸ். அப்பிள் மொட்டு பெரும்பாலும் இந்த வழியில் போகிறது.

இரண்டாவது வழி விசித்திரமானது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பிரீசரில் அசையாமல் வைத்திருந்து எடுக்கும்போது அது இன்னும் நீராகவே இருப்பதையும், மேசையில் ஒரு தட்டுத் தட்டியதும் கண்முன்னே வெள்ளையாக உறைவதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும் இந்த நிலைக்கு மீக்குளிர்வு என்று பெயர். நீர் உறைவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும்: ஒரு தூசி, ஒரு பக்டீரியா, அல்லது வேறொரு ஐஸ் துண்டு. அது இல்லாவிட்டால் தூய நீரின் நுண்துளிகள் ஏறக்குறைய மைனஸ் 38 வரை நீராகவே நிற்கும். பீச், செர்ரி, திராட்சை மொட்டுகள் இந்தத் தந்திரத்தைக் கையாள்கின்றன. செதிலிலும் மொட்டின் அடித்தண்டிலும் ஐஸ் நிற்கும். நடுவில் இருக்கும் பூங்கரு உறையாமல் நிற்கும்.

அப்படியானால் அடித்தண்டில் உள்ள ஐஸ் பூங்கருவுக்குள் ஏன் பரவவில்லை? குளிர்காலத்தில் பூங்கருவுக்கும் கிளைக்கும் இடையே நீர்க்குழாய், அதாவது காழ்க்கலன், இன்னும் முழுதாக இணைந்திருக்காது. இணைப்பு இல்லாததால் ஐஸுக்கு வழி இல்லை. இளவேனிலில் மொட்டு வீங்கும்போது அந்தக் குழாய் இணைகிறது. மொட்டுக்கு அது தண்ணீர் வரும் வழி, ஐஸுக்கும் அதுவே உள்ளே நுழையும் வழி. இதைப் படித்த அன்று நான் இரண்டு தரம் திரும்ப வாசித்தேன்.

சீனி சேர்வதால்தான் உறையாமல் நிற்கிறது என்று படித்தோமே, சேர்?

நானும் அப்படித்தான் படிப்பித்தேன். அது பாதி உண்மை. கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோ நீரில் 342 கிராம் சீனி கரைத்தால், நாக்கில் வைக்க முடியாத பாகு, உறைநிலை 1.86 பாகைதான் இறங்கும். மைனஸ் 20க்குப் போக இது காணாது. சீனியின் பெரிய வேலை வேறு: கலம் நீரை இழந்து சுருங்கும்போது மென்சவ்வுகளும் புரதங்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பழுதாகாமல் இடையில் நின்று காப்பது. இதற்கென்றே சில புரதங்களும் இலையுதிர் காலத்தில் கூடுகின்றன.

மொட்டுக்குள் எவ்வளவு நீர் இருக்கும்? அதை எப்படி அளப்பது?

பள்ளி ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். மொட்டுகளைப் பறித்த கையோடு நிறுக்க வேண்டும். வழியில் காய்ந்துவிடாமல் மூடிய பொலித்தீன் பையில் கொண்டுவாருங்கள். அப்புறம் 70 பாகை வெப்பத்தில் ஓவனில் வைத்து, நிறை இனிக் குறையவில்லை என்று ஆகும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். இழந்த நிறைதான் நீர்.

உறங்கும் மொட்டில் ஏறக்குறையப் பாதி நீராக இருக்கும், சில வேளை அதற்கும் கொஞ்சம் குறைவு. விரியும் நேரத்தில் 80 வீதம் அளவுக்கு ஏறும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. 48 வீதம் 80 வீதமாகிறது என்றால் இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். உலர்நிறையை வைத்துப் பாருங்கள். 1 கிராம் மொட்டில் 0.48 கிராம் நீர், 0.52 கிராம் உலர்பொருள் என்றால், ஒரு கிராம் உலர்பொருளுக்கு 0.92 கிராம் நீர். 80 வீதத்தில் 0.80 கிராம் நீருக்கு 0.20 கிராம் உலர்பொருள், அதாவது ஒன்றுக்கு 4. நாலு மடங்குக்கு மேல்! அதனால்தான் ஆய்வாளர்கள் பலர் உலர்நிறைக் கணக்கை விரும்புகிறார்கள். மாணவர்கள் எந்தக் கணக்கு என்று எழுதாமல் விட்டால் நான் புள்ளி குறைப்பேன்.

அப்படியென்றால் நீர் குறையக் குறையக் குளிர் தாங்குமா?

பொதுவாக அந்தப் பக்கம்தான் போகிறது. இலையுதிர் காலத்தில் நீர் குறையும், தாங்குதிறன் கூடும். இளவேனிலில் நீர் ஏறும், தாங்குதிறன் விழும். இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

இதற்கு நான் அறிந்த மிகத் துணிச்சலான சான்று அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் கொலின்ஸில் உள்ள அரச மரபுவளக் காப்பகத்தில் இருக்கிறது. அப்பிள் மரத்தின் குளிர்கால மொட்டுள்ள சிறு குச்சிகளை ஏறக்குறைய 30 வீத ஈரத்துக்கு உலர்த்தி, மணிக்கு ஒரு பாகை என்ற கணக்கில் மைனஸ் 30 வரை மெல்லக் குளிர்த்தி, பிறகு திரவ நைதரசனின் ஆவியில் வைக்கிறார்கள். திரவ நைதரசனின் வெப்பநிலை மைனஸ் 196. ஆண்டுக்கணக்காக அங்கே கிடந்த மொட்டை எடுத்து ஒட்டினால் அப்பிள் மரமாக வளர்கிறது. உறைய நீர் மிச்சம் இல்லாவிட்டால் குளிருக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் இதை நேர்கோடாக எடுக்கக்கூடாது. ஒரே அளவு நீருள்ள இரண்டு மொட்டில் ஒன்று தாங்கும், மற்றது சாகும். நீர் எந்தத் திசுவில் நிற்கிறது, புரதத்தோடும் சீனியோடும் கட்டுண்டு நிற்கிறதா, கட்டில்லாமல் நிற்கிறதா என்பதும் சேர்ந்துதான் முடிவு. அதோடு உலர்ந்த குளிர்க்காற்றில் மொட்டு அளவுக்கு மீறிக் காய்ந்தும் சாகும். தண்ணீர் குறைந்தால் நல்லது என்று குளிர்காலத்துக்கு முன்னர் மரத்தைக் காயப்போட்ட ஒருவரை அறிவேன். அவர் என் பழைய மாணவர்தான், வெட்கம்.

எந்த மரம் எவ்வளவு தாங்கும்?

நடுக்குளிர்காலத்தில், நன்றாகப் பழகிய பீச் பூமொட்டுக்கு மைனஸ் 23 முதல் 26 வரை ஆபத்து எல்லை. ஐரோப்பியத் திராட்சைக்கு ஏறக்குறைய மைனஸ் 20 முதல் 25. வட அமெரிக்க ஆற்றங்கரைக் காட்டுத் திராட்சை மைனஸ் 35ஐயும் தாண்டும். அப்பிளில் மைனஸ் 30க்குக் கீழேயும் தாங்கும் இனங்கள் உண்டு.

இந்த எண்களை மட்டும் எழுதி வைத்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் அவை நாளுக்கு நாள் மாறும். அதே அப்பிள் மொட்டு நுனியில் வெள்ளி நிறம் காட்டும்போது மைனஸ் 9.4இல் பத்தில் ஒன்று சாகும், மைனஸ் 16.7இல் பத்தில் ஒன்பது சாகும். முழுதாகப் பூத்த நாளில் மைனஸ் 2.2இல் பத்தில் ஒன்று, மைனஸ் 3.9இல் பத்தில் ஒன்பது. அதாவது பூத்தபின் 1.7 பாகை வித்தியாசத்தில் தோட்டமே போகலாம்.

மொட்டு எந்தக் குளிரில் சாகும் என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். மொட்டுகளை நுண்ணிய வெப்ப உணரியின் மேல் வைத்து, குளிரூட்டியில் மணிக்கு நாலு பாகை அளவில் இறக்குவார்கள். செதிலில் உள்ள நீர் உறையும்போது வரைபில் ஒரு முகடு வரும். அது மொட்டுக்குத் தீங்கில்லை. இன்னும் கீழே போனதும் ஒரு சின்ன முகடு வரும். அது மீக்குளிர்வில் நின்ற பூங்கரு உறைந்த கணம், அதன் சாவும் அதுவே. பாதி மொட்டுகள் செத்த வெப்பநிலையைக் குறித்து வைப்பார்கள். அப்பிளுக்கு இந்த முறை உதவாது. அதற்கு அந்த இரண்டாவது முகடு இல்லை.

குளிர் கூடினால்தானே ஆபத்து? தங்கச்சி ஏன் தை மாதத்து வெயிலுக்குப் பயப்படுகிறாள்?

அவள் பயப்படுவது சரி. மரத்துக்குள் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். பூச்சியத்துக்கும் 7.2 பாகைக்கும் இடையில் கழிந்த மணித்தியாலங்களை அவர் எண்ணிக்கொண்டிருப்பார். அப்பிள் இனங்கள் பலவற்றுக்கு 800 முதல் 1,200 மணி வேண்டும். கணக்கு நிறையும்வரை இடையில் வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. நிறைந்த பிறகு கதை மாறும்: நாலைந்து நாள் இதமாக இருந்தால் மொட்டு இளகத் தொடங்கும், நீர் ஏறும், தாங்குதிறன் இறங்கும். இறங்குவது வேகம். திரும்ப ஏறுவதோ மெல்ல, அதுவும் முழுதாக அல்ல.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்கனாகன் பள்ளத்தாக்கு திராட்சைக்கும் பீச்சுக்கும் பேர்போனது. 2023 மார்கழி அங்கே இதமாகப் போயிற்று. 2024 தை நடுவில் வெப்பநிலை சடாரென்று மைனஸ் 25க்குக் கீழே விழ, அந்த ஆண்டுத் திராட்சை ஏறக்குறைய முழுவதும் போனது, பீச்சும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 2023இல் வேறு மாதிரி: குளிர்காலம் சூடு, மரம் முந்திப் பூத்தது, பங்குனியில் உறைபனி. பீச்சில் 90 வீதத்துக்கு மேல் இழப்பு. அந்தப் பங்குனிக் குளிரைத் தை மாதத்து மொட்டு தூசாக எண்ணியிருக்கும்.

குளிர் போன பிறகு மொட்டு உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கடுங்குளிர் கழிந்ததும் சில குச்சிகளை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து, தண்ணீரில் நிறுத்தி ஒரு நாள் வையுங்கள். உடனே வெட்டினால் நிறம் தெரியாது. அப்புறம் புது பிளேட்டால் மொட்டைக் குறுக்கே சீவிப் பாருங்கள். நடுவில் பச்சை என்றால் உயிர், கபிலப் புள்ளி என்றால் போய்விட்டது. மேல் கிளை, கீழ்க் கிளை இரண்டிலும் எடுங்கள். குளிர்க்காற்று கனமானது, தாழ்வில் தங்கும்.

பாதி செத்துவிட்டது என்று அழ வேண்டாம். பீச் தேவைக்கு மேல் பூக்கிற மரம். பத்தில் ஒன்று, ஒன்றரைப் பூ காயானாலே நல்ல விளைச்சல். மற்ற வருடங்களில் நாமே பிஞ்சைக் கிள்ளி எறிகிறோம்.

போர்வை போர்த்தலாமா? தண்ணீர் தெளித்தால் காப்பாற்றலாமா?

மைனஸ் 25இல் போர்வை ஆறுதலுக்கு மட்டும். மரத்துக்குச் சொந்தச் சூடு இல்லை, போர்த்தி வைக்க. தண்ணீர் தெளிப்பது பூக்கும் காலத்து இலேசான உறைபனிக்குச் சரி: ஒரு கிராம் நீர் உறையும்போது 334 யூல் வெப்பம் வெளிவரும், பூவின் மேல் ஐஸ் படிந்தாலும் உள்ளே பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் தொடங்கினால் ஐஸ் உருகும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நிறுத்தினால் நீர் ஆவியாகி இன்னும் குளிர்த்திவிடும். வீட்டுக்காரர் செய்யக்கூடியவை எளிமையானவை: கோடை முடிவில் நைதரசன் உரம் போடாமல் விடுவது, பெருங்குளிருக்கு முன் கத்தரிக்காமல் பங்குனிவரை பொறுப்பது, பள்ளத்தில் நடாமல் சரிவில் நடுவது.

நுவரெலியாவில் தேயிலை கருகுவதும் இதுதானா?

அதேதான். தை, மாசியில் வானம் தெளிந்த, காற்றடங்கிய இரவில் பள்ளத்தில் உறைபனி விழும். தேயிலைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீர். அது உறங்கவும் இல்லை, பழகவும் இல்லை. விடிந்து வெயில் பட்டதும் வெந்ததுபோல் கபில நிறமாகும். நான் கண்ட அந்த ஒரு காலை இதுதான். பக்கத்திலேயே நின்ற பெயார்ஸ் மரம் இலையில்லாமல் அமைதியாக நின்றது.

திருகோணமலையில் அப்பிள் காய்க்குமா?

மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியற்காலை கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது வாடைக்காற்றில் நாமெல்லாம் நடுங்குகிறோம். அப்போதும் வெப்பமானி 22, 23 காட்டும். கணக்குப்பிள்ளைக்கு வேண்டியது 7.2க்குக் கீழே. இங்கே அவருடைய ஏட்டில் வருடம் முழுக்கப் பூச்சியம்தான்.

இருந்தும் நானே ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் வாகனத்தில் கன்று விற்று வந்த ஒருவர், இரண்டே வருடத்தில் காய்க்கும் என்று அப்பிள் கன்று ஒன்றைத் தந்தார். விவசாய ஆசிரியர், கணக்குத் தெரிந்தவர், ஆசையில் வாங்கினார். நுனியில் மட்டும் இலை விட்டது. பக்க மொட்டுகள் அப்படியே தூங்கின. எழுப்பக் குளிர் இல்லை. பூ இல்லை.

இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் பத்து என்ற மலையூரில் அப்பிள் வருடம் இருமுறை காய்க்கிறது. அறுவடை முடிந்ததும் எல்லா இலையையும் கையால் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்து உறங்குமுன்னரே எழும்பிப் பூக்கும். அதற்கு மலையின் இதமான குளிர் வேண்டும். கச்சான் காற்று ஆடியில் 35 பாகையோடு வீசும் நம் ஊரில் நான் அதற்குப் பணம் போடமாட்டேன். இஸ்ரேலில் உருவான அன்னா என்ற இனத்துக்கு 200, 300 மணி போதும். அந்த 200 மணிக்கு எங்கே போவது?

தொட்டியில் வைத்து இரவில் பிரிஜுக்குள் வைத்தால்?

மனைவியிடம் கேளுங்கள். விதைக்கு இது சரிவரும்: அப்பிள் விதையை ஈரத் துணியில் சுற்றி இரண்டு, மூன்று மாதம் பிரிஜில் வைத்தால் முளைக்கும். மரமாக வளர்ந்து காய்ப்பது வேறு விஷயம்.

நமது மாமரத்துக்கு இந்த நீர்க்கணக்கு உண்டா?

உண்டு, ஆனால் தலைகீழாக. மாமொட்டு பனியைத் தாங்கப் பழகவில்லை, அதன் விதையே காய்ந்தாலும் குளிர்ந்தாலும் செத்துவிடும். ஆனால் எப்போது பூக்க வேண்டும் என்பதை நீரும் சொல்கிறது. வடகிழக்கு மழை தையில் ஓய்ந்து, மண் காயத் தொடங்கி, இரவு சற்றுக் குளிர்ந்தால், முற்றிய கிளைநுனி மொட்டு பூவாகப் போகும். மாசியில் எதிர்பாராத பெருமழை வந்தால் அதே மொட்டு இலையாகத் துளிர்த்துவிடும். கறுத்தக்கொழும்பான் மாமரம் வைத்திருப்பவர்கள் தையில் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றுவதைக் காணும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. பூங்கொத்து வரும்வரை பொறுங்கள், பிஞ்சு பிடித்தபின் ஊற்றுங்கள். பிலிப்பைன்ஸில் ரமோன் பார்பா 1970களில் பொட்டாசியம் நைத்திரேற்று தெளித்து மாமரத்தைப் பூக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதுவும் மொட்டு முற்றியிருந்தால்தான் பலிக்கும்.

தங்கச்சியின் மரம் என்ன ஆயிற்று?

போன குளிர்காலம் அவள் 50 மொட்டு வெட்டிப் பார்த்தாள். 31 கபிலம், 19 பச்சை. தொலைபேசியில் குரல் தழுதழுத்தது. 38 வீதம் தாராளம் என்று சொன்னேன், நம்பவில்லை. வைகாசியில் மேல் கிளைகள் ரோசா நிறமாகப் பூத்த படம் வந்தது. ஆவணியில் இரண்டு வாளி பழம், அணில் தின்றது போக.